திராட்சைப் பெட்டி அடுக்கிய கை

என் மகள் எதை எடுத்தாலும் இடது கையால்தான் எடுப்பாள். ஒரு வயது நிறைவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். கிலுகிலுப்பை, முறுக்கு, என் தாலிக்கொடி, பக்கத்து வீட்டுப் பூனையின் வால், எல்லாவற்றுக்கும் இடது கை. வலது கை கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு மார்போடு ஒட்டிக் கிடக்கும். செல்போன் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்த சமயம். கம்பத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் திராட்சை கமிஷன் கடையில் லாரிக்குச் சரக்கு ஏற்றிவிடும் வேலையில் இருந்தார். நான் பண்ணைப்புரம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அதே தெருவில் இருந்த என் நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். கூப்பிடும்போதே சண்டைக்குத் தயாராகிக்கொள்வேன்.

மதினிக்கு இடது கை என்றாலே ஆகாது. பிள்ளை கையை நீட்டினால் பண்டத்தைப் பின்னால் மறைத்துக்கொள்வார். “ஏ ஆத்தா, சோத்தாங்கையில வாங்குடி. பீச்சாங்கைய நீட்டுனா நாளைக்கு உன்னைய யாரு பொண்ணு கேட்டு வருவாக?” என்பார். பிள்ளை இடது கையையே நீட்டிக்கொண்டு நிற்கும். “பாத்தியா பிடிவாதத்த? அப்படியே அவ ஆத்தாதேன்” என்று என்னையும் சேர்த்து ஒரு குத்து.

நான் விடுவேனா? இடது கைக்காரர்கள் புத்திசாலிகள் என்று ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தேன். அதைக் கத்தரித்து வைத்து மதினிக்கு வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் கிரிக்கெட் பைத்தியம். இடது கை ஆட்டக்காரருக்கு இருக்கிற மவுசே தனி என்று அவரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். ஆக, இடது கையைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. வலது கையைப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

ஒருமுறை காய்ச்சல் என்று நானும் வீட்டுக்காரரும் தேனியில் ஒரு குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். மதினியும் கூட வந்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, விளையாட்டுப் போல பிள்ளையின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் பளபளப்பான ஒரு பேனா மூடியை அதன் வலது பக்கம் ஆட்டினார். பிள்ளை பார்த்தது. இடது கையை இழுத்தது. அவர் விடவில்லை. உடனே குனிந்து அந்த மூடியை வாயால் கவ்விக்கொண்டது.

நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். “கள்ளி!” என்றார் மதினி. டாக்டர் சிரிக்கவில்லை. மூடியை வாயிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு அந்த மடங்கிய வலது கையைப் பிரித்துப் பார்த்தார். அது பிரிய மறுத்தது.

“இம்புட்டுச் சின்னப் பிள்ளைக்கு ஒரு கைப் பழக்கம்னு வராதும்மா. ரெண்டு கையையும் சமமாத்தான் நீட்டும். ஒரு கையையே நீட்டுதுன்னா இன்னொரு கையால முடியலன்னு அர்த்தம்.”

மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். கையில் ஒரு கோளாறும் இல்லை, மூளையில் கைக்கு உத்தரவு போடுகிற இடத்தில்தான் அடி, வயிற்றில் இருக்கும்போதே பட்டிருக்கலாம் என்றார்கள். வலது காலிலும் கொஞ்சம் உண்டு. மாத்திரை இல்லை, ஆபரேஷன் இல்லை. பழக்கத்தான் வேண்டும், சின்ன வயதில் பழக்குவதுதான் நிற்கும், அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். திரும்பும்போது ஆண்டிபட்டி கணவாயில் பஸ் திணறித் திணறி ஏறியது. பிள்ளை ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு குரங்குகளைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சாமி மேல் பட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் மதினி பிள்ளையை மடியில் போட்டு அந்த வலது கையை நீவிக்கொண்டே இருந்தார். “இல்லாத கையையாடி இத்தன நாளும் நீட்டச் சொன்னேன்?” என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அன்றோடு அதட்டல் நின்றது. அதைவிடப் பெரிய தொல்லை ஆரம்பமானது. பிள்ளையைத் தரையில் விடுவதில்லை. இடுப்பை விட்டு இறக்குவதில்லை. பண்டத்தை வாயிலேயே ஊட்டிவிடுவார். பொம்மையை அவரே எடுத்து ஆட்டிக் காட்டுவார். பிள்ளையின் இடது கைக்கும் வேலையில்லாமல் போயிற்று.

வாரம் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தேனிக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் குமுளிக்காரி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். என்னை சேச்சி என்பாள், பிள்ளையை மோளே என்பாள். முதலில் எண்ணெய் போட்டு விரலை நீட்டி மடக்கும் பயிற்சிதான். அவள் கதவைத் திறந்தாலே பிள்ளை அலற ஆரம்பித்துவிடும். சில வாரம் கழித்து அவளே அதைக் குறைத்துக்கொண்டாள்.

“சேச்சி, இவளுக்கு எக்சர்சைஸ் வேண்டா, வேல வேணும். வீடு கட்டி விளையாட விடுங்க. சின்ன சின்ன பிளாக் எல்லாம் வாங்கண்டா, அத ஒத்தக் கையில எடுத்துருவா. பெருசா குடுங்க. ரெண்டு கை இல்லாம தூக்க முடியாத சாமானா குடுங்க.”

விளையாட்டு எப்படி வைத்தியமாகும் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து காட்டினாள். ஒரு பெட்டியைக் குனிந்து எடுக்க வயிறும் முதுகும் வேண்டும். உட்கார்ந்து எழுந்திருக்கத் தொடை வேண்டும். மேலே வைக்க எக்கி நிற்க வேண்டும், தோள் உயர வேண்டும். சரியாமல் வைக்கக் கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகாமல் சேர வேண்டும். இதையெல்லாம் செய் என்றால் எந்தப் பிள்ளையும் செய்யாது, வீடு கட்டு என்றால் நாள் முழுக்கச் செய்யும் என்றாள். கடைசியில் ஒன்று சொன்னாள். “அவ எவ்வளவு கரைஞ்சாலும் நீங்க தொடண்டா.” கரைவது என்றால் மலையாளத்தில் அழுவது. அவள் சொன்னபோது அது எனக்குத் தமிழாகவே கேட்டது.

எங்கள் வீட்டில் பெட்டிக்கா பஞ்சம்? அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் கடையில் கழித்துப் போட்ட திராட்சை அட்டைப்பெட்டிகளை டி.வி.எஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். காற்றுப் போவதற்கு இரண்டு பக்கமும் வட்ட ஓட்டை போட்ட பெட்டிகள். கனமே இல்லை, ஆனால் பிள்ளையின் நெஞ்சகலத்துக்கு மேல் இருந்தன. வீடே புளித்த திராட்சை வாசம் அடித்தது. எறும்பு சாரை சாரையாக வந்தது. வீட்டுச் சொந்தக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்து, “டீச்சரம்மா, காயலாங் கடையா வைக்கப் போறீக?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் நாள் பிள்ளை பெட்டியை இடது கையால் ஓட்டையில் பிடித்துத் தூக்கினாள். அது தொங்கியது. மேலே வைக்கப் போனால் சாய்ந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி சாய்ந்தது. என்னைப் பார்த்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டேன். அழுதாள். பெட்டியை உதைத்தாள். பிறகு மண்டி போட்டு, தாடையால் அழுத்திப் பிடித்து, நெஞ்சால் தள்ளி, எப்படியோ ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிவிட்டாள். வலது கையைக் கடைசி வரை கொண்டுவரவே இல்லை. அந்தக் கையைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு அவள் போட்ட மூளையைப் பார்த்து நான் பெருமைப்படுவதா, அழுவதா?

பள்ளிக்கூடத்தில் என் வேலை என்ன? பிள்ளைகளின் கையைப் பிடித்து ‘அ’ போடச் சொல்லிக்கொடுப்பது. வகுப்பு முழுக்க வலது கைகள். மூக்கைத் துடைத்தபடி, சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தபடி, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளியபடி, ஒரு மதிப்பும் இல்லாமல் திரிந்த கைகள். அவற்றின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பிள்ளைகளைச் சும்மாவே அதட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தலையைத் தடவிக்கொடுப்பேன்.

பிள்ளை அழுதால் மதினிக்குத் தெருக்கோடியில் இருந்தாலும் கேட்டுவிடும். ஒரு நாள் நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே விறுவிறுவென்று உள்ளே வந்தார். “ஏத்தா, நீ மனுசியா? பச்சப் புள்ள கதறுது, கல்லுக் கணக்கா உக்காந்திருக்க!” என்று சொல்லிக்கொண்டே எல்லாப் பெட்டியையும் எடுத்துக் கடகடவென்று அடுக்கிவிட்டார். அழகான கோபுரம். “இந்தா தாயி, உன் வீடு!” பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கோபுரத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் ஒரு பெட்டியைக்கூடத் தொடவில்லை.

“மதினி, இனிமே இதத் தொட்டீங்கன்னா பிள்ளையப் பால்வாடியில விட்டுருவேன்” என்றேன். மதினி தன் தம்பியைப் பார்த்தார். அவர் அந்த நேரம் பார்த்து லாரி வந்துவிட்டது என்று கிளம்பிப் போனார். அந்தச் சீசன் முழுக்க என் வீட்டுக்காரருக்கு, பிள்ளை அழுகிற நேரமாகப் பார்த்து லாரி வந்துகொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு லாரி வந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

மாதக்கணக்கில் இது நடந்தது. பலனே இல்லை என்று சொன்னால் பொய். பிள்ளையின் முதுகு நிமிர்ந்தது. முன்பெல்லாம் எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டும். இப்போது பெட்டியைக் கட்டிக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தாள். வலது குதிகால் தரையில் படாமல் நொண்டுவது குறைந்தது. ஓடினாள், விழுந்தாள், பிறகு அவ்வளவாக விழாமல் ஓடினாள். அந்த வலது கையும் கொஞ்சம் இறங்கி வந்தது. பெட்டி சரியாமல் இருக்க முழங்கையால் முட்டுக்கொடுக்கும். அப்புறம் மூடிய விரல்களோடு அப்படியே ஒரு பக்கம் தாங்கி அண்டைக் கொடுக்கும். ஆனால் விரல் மட்டும் திறக்கவில்லை. கட்டைவிரல் உள்ளே போனது போனதுதான்.

குமுளிப் பெண்ணுக்கு அதிலேயே சந்தோஷம். “அது மதி சேச்சி, போதும். ஒரு கை செய்யும், மத்தது துணைக்கு நிக்கும். துணைக்கை கிடைச்சாலே பாவாடை கட்டிக்குவா, தட்டப் பிடிச்சுக்குவா.” எனக்கு ஆத்திரம் வந்தது. யாருக்கு வேண்டும் துணைக்கை? எனக்குக் கை வேண்டும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது, யாரிடம் சொன்னால் கிடைக்கும் என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

பிள்ளைக்கு நாலு வயது ஆகப்போகிற சமயத்தில் மதினி என்னையும் பிள்ளையையும் மலைமேல் இருக்கிற ஒரு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தம்பிக்குச் சொந்த வீடு அமைய வேண்டும் என்று அவருக்கு வேண்டுதல். அந்தக் கோயிலுக்கு ஏறுகிற பாதையில் சொந்த வீடு கேட்டு வருகிறவர்கள் கீழே கிடக்கிற கல்லைப் பொறுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். பாதையின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கல்வீடுகள்தான். ஒருத்தர் அடுக்கியதை இன்னொருத்தர் தட்டிவிடக் கூடாது. தெரியாமல் தட்டிவிட்டால் தட்டியவரே எடுத்து அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பிள்ளை அதைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டாள். “அம்மா, பெரியாளுக எல்லாரும் வெளயாடுறாக!” என்றாள். எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் ஒரு இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள். பழகிய வேலை. மதினி, “அவளே கட்டட்டும், பிள்ள கையால கட்டுனா சீக்கிரம் அமையும்” என்றார். எந்தக் கையால் என்று அவர் கேட்கவில்லை.

அடியில் மூன்று கல் நின்றது. அடுத்து அவள் எடுத்தது அகலமான ஒரு பலகைக் கல். இடது கையால் தூக்கி மேலே கொண்டுவந்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போது அவளுடைய வலது கை தானாக வந்தது. நான் ஒரு முழ தூரத்தில்தான் நின்றிருந்தேன். மூடியிருந்த விரல்கள் பிரிந்தன. கட்டைவிரல் வெளியே வந்தது. உள்ளங்கை விரிந்து கல்லுக்கு அடியில் போய்த் தாங்கியது. இத்தனை எண்ணெயும் பஸ்ஸும் பெட்டியும் எறும்பும் எதற்காகவோ அது என் கண் முன்னால் நடந்தது. நான் மதினியின் கையைப் பிடித்து நசுக்கினேன். அவரும் பார்த்துவிட்டார்.

விரித்த கையால் அவ்வளவு கனத்தைத் தாங்க முடியவில்லை. கல் நழுவி உருண்டு பக்கத்தில் இருந்த அடுக்கில் போய் மோதியது. அது சரிந்து விழுந்தது.

அதைக் கட்டிக்கொண்டிருந்தவள் கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என் வயதுதான் இருக்கும். ஈரச் சேலை, கூடவே மஞ்சள் பையோடு புருஷன். விரதம் இருந்து வந்திருப்பாள் போல. “அய்யய்யோ, யாரு பெத்த பிள்ள இது? இப்பிடி இடிச்சுப் போட்டிருச்சே! வருசம் ஒரு வீடு மாறிச் சாகுறோம், இங்கனயும் இடியணுமா?” என்று கத்தினாள். பிள்ளையின் வலது கை சட்டென்று மூடி மார்போடு ஒட்டிக்கொண்டது.

“தெரியாம பட்டுருச்சுங்க, நான் அடுக்கித் தாரேன்” என்று நான் குனிந்தேன்.

“நீங்க தொடக் கூடாது. இடிச்ச பிள்ளதான் அடுக்கணும். சோத்தாங்கையால வைக்கச் சொல்லுங்க. சாமி காரியம்.”

கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு “வைடா கண்ணு, சோத்தாங்கையால வை” என்றார்கள். இத்தனை பேர் நடுவில் என் பிள்ளைக்குக் கை வராது என்று சொல்ல என்னால் முடியவில்லை. சற்று முன்னால் வந்ததே என்று இன்னொரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு தடவை திற, ஒரே ஒரு தடவை என்று அந்தக் கையைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சினேன்.

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். “அவ எந்தக் கையால வைப்பாளோ அந்தக் கையாலதேன் வைப்பா.”

“பீச்சாங்கையாலயா? நல்லாருக்கே!”

“ஆமாத்தா. இவளுக்கு அதுதேன் சோறு திங்கிற கை. சாமிக்குத் தெரியும். நீ சத்தம் போடாம நில்லு.”

பிள்ளைக்கு இந்த வழக்கு எதுவும் புரியவில்லை. வீடு இடிந்துவிட்டது, கட்ட வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்தாள். இடது கையால் ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்தாள். வலது கை மூடியபடியே பக்கத்தில் நின்று அண்டைக் கொடுத்தது. கூட்டத்தின் சத்தம் மெல்ல அடங்கியது. அடுக்கு முன்பு இருந்ததைவிட ஒரு கல் உயரமாகவே எழுந்தது. அத்தனை சுத்தமாக அவள் வீட்டில்கூட அடுக்கியதில்லை.

அந்தப் பெண் கல்லைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் போய்விட்டது. என் பக்கம் வந்து மெதுவாக, “பிறவியிலயேவா?” என்று கேட்டாள். தலையாட்டினேன். “பாவம்” என்றாள். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு புருஷனிடம் என்னவோ காதில் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்சம் மேலே ஏறிப் போனார்கள். அங்கே ஒரு வெற்றிடம் பார்த்து, புதிதாகக் கல் பொறுக்கி, முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தார்கள்.

அவள் கத்தியபோது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. ஏறிப்போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று காலை எடுத்து வைத்தேன். என்ன கேட்பது? அவள் திட்டவில்லை, ஏளனம் செய்யவில்லை, பாவம் என்றுதானே சொன்னாள். வாடகை வீட்டில் மாறி மாறிச் சலித்தவள் சகுனம் பார்க்கிறாள். அவளும் கேட்டது ஒரு வீடுதான். மதினியைப் பார்த்தேன். மதினி எனக்கு முகம் காட்டாமல் மலைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

பிள்ளை உச்சியில் வைக்க ஒரு சின்னக் கல்லைத் தேடி எடுத்து வைத்தாள். கவுனில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மேலே இருந்தவளைக் கண்டுபிடித்தாள்.

“அக்கா! உங்க வீடு முடிஞ்சிருச்சு, வாங்க!”

அந்தப் பெண் திரும்பவில்லை. பிள்ளை இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். அப்போதும் திரும்பவில்லை. காதில் விழாத தூரமும் இல்லை.

பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, அவுகளுக்கு அவுக வீடு எதுன்னு தெரியல. அங்கன போயிட்டாக. நீ போயிக் கூட்டியா.”

“சரிடா” என்றேன். அங்கேயே நின்றேன்.